ஐந்தாவது பங்கு

பத்ரிநாத்துக்குப் போனவர்கள் நான்கு பேர்: அப்பா, அம்மா, அண்ணி, நான். வராதவன் அண்ணன். ஆனால் ரயிலில் நான் ஐந்து பேருக்குப் பதிவு செய்திருந்தேன். கூட வருவதற்கு அம்மா போட்ட நிபந்தனை அது.

"அஞ்சு டிக்கெட் போடு. நாலு போட்டா நான் வரல. நீங்க மூணு பேரும் போய்க்கினு வாங்க."

அண்ணன் கடலுக்குப் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. ஈசிஆர் பக்கம் எங்கள் குப்பத்திலிருந்து ஒரு ஃபைபர் படகில் நான்கு பேராக இருட்டோடு கிளம்பினார்கள். வாடைக்காற்று திடீரென்று ஏறி, படகு கவிழ்ந்தது. மூன்று பேர் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டே கிடந்தார்கள். மதியம் வேறு படகுக்காரர்கள் தூக்கிவந்தார்கள். அந்த மூவரில் அண்ணன் இல்லை. ஒரு வாரம் தேடினார்கள். ஹெலிகாப்டர்கூட வந்து சுற்றியது. உடல் கிடைக்கவில்லை.

உடல் கிடைக்காததால் அம்மா எதையும் செய்யவிடவில்லை. பதினாறாம் நாள் காரியம் இல்லை, படத்துக்கு மாலை இல்லை. "எதப் பாத்துடா நான் அழுவுறது?" என்று கேட்டாள். எங்கள் கரையில் இப்படிக் காணாமல் போனவர்கள் பர்மாவிலோ அந்தமானிலோ கரையேறி, பல மாதம் கழித்துத் தாடியும் மீசையுமாக வந்து கதவைத் தட்டிய கதைகள் நிறைய உண்டு. கதையில் வருகிறவர் எப்போதும் பக்கத்துக் குப்பத்துக்காரராக இருப்பார். அம்மா அந்தக் கதைகள் எல்லாவற்றையும் மனப்பாடமாக வைத்திருந்தாள்.

இன்னொன்றும் அவளைக் கெடுத்தது. கடல் தொழிலில் டீசல் காசு போக மீதியைப் பங்கு பிரிப்பார்கள். படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, போன ஆளுக்கு ஒவ்வொரு பங்கு. காய்ச்சலில் படுத்துக் கிடப்பவனுக்கும் அவன் பங்கு வீடு தேடி வரும். அண்ணன் போன பிறகும் அந்தப் படகுக்காரர் சில மாதம் அவன் பங்கைக் கொண்டுவந்து கொடுத்தார். பாவம் என்று கொடுத்தார். அம்மா அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. பங்கு வருகிறதென்றால் ஆள் இருக்கிறான். ஒருநாள் அவர் வெறுங்கையோடு வந்து, "இனிமே முடியாதுக்கா, மனசுல வெச்சுக்காத" என்று சொல்லிவிட்டுப் போனபோது, அன்றைக்குத்தான் அண்ணன் காணாமல் போனதுபோல் அம்மா தரையில் கிடந்தாள். பிறகு எழுந்து மீன்கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படித்தவன் நான் ஒருவன்தான். காலேஜ் ஃபீஸ் முழுக்க அண்ணனுடைய பங்கிலிருந்து வந்தது. ஆகவே இனி எல்லாவற்றையும் நான்தான் சரிசெய்ய வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல் வேலையாக, கடல் கண்ணில் படாத இடத்துக்கு இவர்களைக் கொண்டுவர வேண்டுமென்று பீர்க்கன்கரணையில் வாடகைக்கு வீடு பார்த்தேன். இரண்டாவது மாடி. சாமான் இறக்கிய அன்றே அம்மா பின்பக்கத்து ஜன்னலைத் திறந்தாள். எதிரே ஏரி.

"இங்கயும் தண்ணியா?" என்று கேட்டுவிட்டு மூடினாள். நான் பகலில் பார்த்த வீடுதான். ஜன்னலைத் திறந்து பார்க்கத் தோன்றியிருக்கவில்லை.

அப்பா மேடவாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். தண்ணீர் லாரி வந்தால் கேட்டைத் திறப்பதும் போனால் மூடுவதும்தான் பெரும்பாலும் வேலை. அம்மா செம்பாக்கத்தில் ரோட்டோரம் மீன் விற்றாள். அண்ணி தாம்பரத்தில் ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போனாள். வாடிக்கையாளர்கள் பிரித்துப் போட்டுவிட்டு வாங்காமல் போகும் புடவைகளை மறுபடி மடித்து அடுக்குவது. நான் பெருங்குடியில் ஓர் ஆபீஸில்.

இந்தப் பயணம் அண்ணிக்காகத்தான். அண்ணன் போகும்போது அவர்களுக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருடம். குழந்தை இல்லை. அண்ணி இன்னமும் தாலியும் பொட்டுமாக இருந்தாள். கடையில் கூட வேலை செய்கிற பெண்கள் வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று கேட்டால் "கடல் வேல" என்பாள். பொய் இல்லை. அவளுடைய அம்மா வீட்டில் வேறொரு பையன் பேச்சு இருந்தது. அவர்கள் அவசரப்படுத்தவில்லை, ஆனால் எவ்வளவு நாள்தான் பொறுப்பார்கள். சட்டப்படி என்றால் ஏழு வருடம் காத்திருக்கச் சொன்னார் ஒரு வக்கீல். எங்கள் குப்பத்து வழக்கம் வேறு. உடல் இல்லாத சாவை, பெற்றவள் வாயைத் திறந்து சாவு என்று சொன்னால்தான் சாவு. அவள் சொல்லி, காரியம் நடந்தால் அண்ணி எழுந்து எங்கு வேண்டுமானாலும் போகலாம். அதுவரைக்கும் அவளை யாரும் போ என்றும் சொல்ல முடியாது, இரு என்றும் சொல்ல முடியாது.

கீழ்வீட்டில் ஒரு ரிட்டயர்ட் சார் இருக்கிறார். மாடிப்படியில் பேசிக்கொண்டிருந்தபோது அவர்தான் சொன்னார்.

"பத்ரிநாத்ல பிரம்மகபாலம்னு ஒரு எடம் இருக்குப்பா. அங்க ஒரு தடவ பிண்டம் வெச்சுட்டா போறும். உடம்பு கெடைக்காதவாளுக்கும் பண்ணலாம். பெரிய மலை, பெரிய நதி. பாத்தாலே மனசு கரைஞ்சுடும்."

நான் அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். அம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன்: மலையில் பெரிய கோயில், அங்கே இப்படி ஓர் இடம், வந்து பார், பிறகு நீயே முடிவு செய்.

அம்மா மீன் செதில் சுரண்டிக்கொண்டே கேட்டாள்: "அந்தச் சாமி நெசமாவே பெரிய சாமியா?"

"ஆமாம்மா."

"அப்ப வர்றேன். நேரா கேட்டுப்புடுறேன். கீறானா இல்லியான்னு அதுவே சொல்லட்டும். உங்க யாரு பேச்சும் எனக்கு வாணாம்." அதற்குப் பிறகுதான் அந்த ஐந்து டிக்கெட் பேச்சு.

அப்பாவுக்கும் ஒரு நிபந்தனை இருந்தது. "அடுத்தவன் காசுல கோயிலுக்குப் போனா புண்ணியம் அவனுக்குத்தான் போவும். நீ இப்ப போடு. வந்தப்புறம் பங்கு பிரிச்சுக்கலாம்." சரி என்றேன்.

காலி இருக்கையைப் பார்த்துக்கொண்டே அவ்வளவு தூரம் போனால் அம்மாவுக்குத் தானாகப் புரிந்துவிடும் என்பது என் கணக்கு. ஆகவே ஐந்து டிக்கெட்டை நான் மனதாரப் போட்டேன். புரட்டாசி மாதம், மீன் வியாபாரம் படுத்திருந்தது. கிளம்பினோம்.

ரயில் கூடூர் தாண்டுவதற்குள் டிக்கெட் பரிசோதகர் வந்துவிட்டார். நம்மூர்க்காரர்தான். நான்கு பேரைப் பார்த்தார், ஐந்தாவது பெர்த்தைப் பார்த்தார். அதன் மேல் அம்மா ஒரு மஞ்சள் பையை வைத்திருந்தாள்.

"இன்னொருத்தர் எங்க?"

"எம் புள்ள சார் அது," என்றாள் அம்மா. "அவன் எடம்."

"சரிம்மா, ஆளு எங்க? பாத்ரூம் போயிருக்காரா?"

"கடலுக்குப் போயிகீறான்."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். "கடலுக்குப் போனவருக்கு எதுக்கும்மா ட்ரெயின்ல பெர்த்து? ஆளு ஏறலன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவோம். ரூல்ஸ்."

"துட்டு குடுத்துகீறோம் சார். ஓசியில இல்ல."

"எவ்ளோ குடுத்தாலும் ஆளு வேணும்மா."

அம்மா சத்தம் போட ஆரம்பித்தாள். மீன் விற்கிற தொண்டை. கோச் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அப்பாதான் எழுந்து அந்த மஞ்சள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "குடுத்துரு சார். யாராச்சும் படுக்கட்டும். உடம்பு நோவோட நிக்கிறவங்க கீறாங்க." லீவில் ஊர் போகும் ஒரு ராணுவக்காரர் வந்து அண்ணனின் பெர்த்தில் ஏறிப் படுத்து உடனே தூங்கிவிட்டார். உயரமான ஆள், கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. போகிற வருகிறவர்கள் எல்லோரும் அந்தக் காலில் இடித்துக்கொண்டு போனார்கள். என் கணக்கின் முதல் பாதி அங்கே போயிற்று. காலி இடம் என்று ஒன்று ரயிலில் கிடையாது.

மறுநாள் காலை எதிர் பெர்த் அம்மாள் மூக்கைச் சுருக்கினார். "என்னமோ வாசனை வருதே, உங்களுக்கு வரலையா?"

"ஊறுகா," என்றாள் அம்மா, மஞ்சள் பையைக் காலுக்கடியில் தள்ளி.

ஊறுகாய் இல்லை. ரிஷிகேஷில் இறங்கியதும் பையைப் பிரித்துப் பார்த்தேன். பழைய புடவைத் துணி, அதற்குள் பிளாஸ்டிக் கவர், அதற்குள் செய்தித்தாள், அதற்குள் வாளைக் கருவாடு. சுட்டு, முள் எடுத்து, துண்டு துண்டாக. அண்ணன் கடலுக்குப் போகும்போது பழைய சோற்றுக்கு எடுத்துப்போவது அதுதான். அது இல்லாமல் சோற்றில் கை வைக்க மாட்டான். கல்யாணப் பந்தியில்கூட அம்மா அவன் இலையோரம் மறைத்து ஒரு துண்டு வைத்திருக்கிறாள்.

"இது கோயில் ஊரும்மா. இங்க மீன் பேச்சே எடுக்கக் கூடாது. மேல போனா இன்னும் மோசம். தூக்கிப் போட்டுடு."

"கருவாடு இன்னாடா பாவம் பண்ணுச்சு? செத்தது தான அதுவும்?"

"அம்மா."

"சரி, சரி. போட்டுடறேன். கூவாத."

போட்டுவிட்டேன் என்று பிறகு சொன்னாள். நான் நம்பினேன்.

ரிஷிகேஷிலிருந்து வேன். அங்கும் ஐந்து இருக்கை. ஓட்டுநர் ஐந்தாவதில் மற்றவர்களின் பெட்டிகளை அடுக்கினார். அம்மா ஒவ்வொன்றாக இறக்கி வைத்தாள். அவர் மறுபடி அடுக்கினார். மொழி தெரியாத சண்டை. கடைசியில் அண்ணி போய் அந்த இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள். அவளுடைய இடத்தில் பெட்டிகள் ஏறின.

மலையைப் பற்றி நான் நிறையப் படித்துவிட்டுப் போயிருந்தேன். படித்தது எதுவும் நினைவுக்கு வரவில்லை. ஒரு பக்கம் வானத்தை மறைத்துப் பாறை, மறுபக்கம் பார்க்க முடியாத பள்ளம், அடியில் ஆறு. புயலிலும் தூங்குகிற அப்பா, வேனின் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவில்லை. "கடல்ல உழுந்தா நீஞ்சலாம்டா," என்றார். "இங்க உழுந்தா இன்னா பண்றது?" அம்மா வழி நெடுக வாந்தி எடுத்தாள். வழியில் ஆறுகள் கூடும் இடங்களில் எல்லாம் சின்னச் சின்னக் கோயில்கள். வேன் நிற்கும், எல்லோரும் இறங்கிக் கும்பிடுவோம். அம்மா எல்லாக் கோயிலிலும் ஒரே கேள்வியைக் கேட்டாள் என்பது அவள் உதடு அசைவதிலேயே தெரிந்தது.

ஜோஷிமட்டுக்குக் கொஞ்சம் முன்னால் மலை சரிந்து ரோட்டை அடைத்திருந்தது. ஒரு பகல் முழுக்க வேனில் கிடந்தோம். முன்னாலும் பின்னாலும் வண்டிகள். ஜேசிபி ஒரு கல்லைத் தள்ளினால் மேலிருந்து இரண்டு கல் வந்தது. அம்மா ரோட்டோரத்தில் குந்தி அண்ணாந்து பார்த்தாள்.

"இவ்ளோ ஒசரத்துல போயி எதுக்குக் குந்திகினு கீது இந்தச் சாமி? கீழ நடக்குறது எதுவும் காதுல உழக் கூடாதுன்னா?"

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அண்ணிக்கு மட்டும் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். ஒரு நிமிடம் மாமியாரும் மருமகளும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இந்த மலை வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

பத்ரிநாத் குளிர் எங்களுக்குப் புரியாத குளிர். எங்களிடம் இருந்த ஸ்வெட்டரெல்லாம் மார்கழிக்கு வாங்கியது. வெந்நீர்க் குளத்தில் குளித்துவிட்டு வரிசையில் நின்றோம். வரிசை மெதுவாக ஊர்ந்து, கடைசியில் வேகமெடுத்து, சன்னிதி முன்னால் தண்ணீர்போல் ஓடியது. அம்மா இரண்டு கையையும் தூக்கியதைப் பார்த்தேன். அடுத்த கணம் நாங்கள் எல்லோரும் வெளிவாசலில் நின்றோம்.

"கேட்டியாம்மா?"

"கேட்டேன்." மூச்சு வாங்கினாள். "அது பதில் சொல்றதுக்குள்ள நவுரு நவுருன்னு தள்ளி உட்டுட்டானுங்க."

மறுபடி வரிசையில் நிற்கலாம் என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். சாமி முகத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை என்றாள். நகையும் பூவும்தான் தெரிந்ததாம்.

அன்று சாயங்காலம் தங்கும் அறையில் நான்கு பேரும் இருந்த எல்லாக் கம்பளியையும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அம்மா திடீரென்று அண்ணி பக்கம் திரும்பினாள்.

"உனக்கு இன்னாம்மா வேணும்? வாயத் தொறந்து சொல்லு. இவனுங்க உனக்காகத்தான் என்ன இங்க இட்டாந்துகீறானுங்க. நீ ஒண்ணுமே பேச மாட்டேன்ற."

அண்ணி அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு, கடையில் விலை சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள்: "அவரு இருந்தா காத்துகினு இருப்பேன் அத்த. எத்தினி வருஷம்னாலும். இல்லன்னா அழுதுட்டு எழுந்துருவேன். ரெண்டும் இல்லாம நடுவுல நிக்கிறேன். காலு நோவுது அத்த."

அம்மா போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு படுத்துவிட்டாள். விடிந்ததும் முதல் வார்த்தையாக, "போட்டுடலாம்," என்றாள். "போயி பிண்டம் போடுற ஐயரப் பாரு. போட்டுடலாம்."

அப்பா வெளியே போய் நின்றுகொண்டார். நான் அவர் பின்னால் போகவில்லை. அண்ணி தலைக்கு மேல் கம்பளியை இழுத்துக்கொண்டு குலுங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

பிரம்மகபாலம் கோயிலிலிருந்து கொஞ்ச தூரம்தான். ஆற்றங்கரையில் கல் பாவிய தளம். வரிசையாகக் குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. எங்களுக்குக் கிடைத்த பண்டிதர் வயதானவர். வருடக்கணக்காகத் தமிழ்நாட்டு யாத்ரீகர்களைப் பார்த்து அவருடைய தொழிலுக்கு வேண்டிய அளவு தமிழ் கற்றிருந்தார். கையில் தர்ப்பை மாட்டிவிட்டு என்னை உட்காரவைத்தார். பக்கத்தில் அப்பா. பின்னால் அம்மாவும் அண்ணியும்.

"கோத்ரம்?"

எங்களுக்கு அப்படி ஒன்று தெரியாது. "தெரியலேன்னா காஸ்யபம். பரவால்லே. என்ன உறவு?"

"அண்ணன்."

"காலமான நாள்?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அம்மா சொன்னாள்: "மாட்டுப் பொங்கலுக்கு மறுநா."

சொல்லிவிட்டாள். இரண்டு வருடத்தில் அவள் அந்த நாளைத் தன் வாயால் சொன்னது அதுதான் முதல். அப்பாவின் தோள் இறங்கியது. பண்டிதர் விரல்விட்டுத் திதி கணக்குப் பார்த்து மந்திரத்தில் சேர்த்துக்கொண்டார். கோயிலில் நைவேத்தியமான சோறு அது என்று சொல்லி, ஒரு தட்டில் கொண்டுவந்து என் முன் வைத்தார். உருண்டை பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். பிண்டத்தை இலையில் வைத்தேன்.

அப்போது என் தோளுக்கு மேலிருந்து அம்மாவின் கை வந்தது. அந்தக் கையில் வாளைக் கருவாட்டுத் துண்டு. பிண்டத்தின் தலையில் அதை வைத்து விரலால் லேசாக அழுத்தினாள்.

"தின்னுடா," என்றாள். "வெறுஞ்சோறு எறங்காது உனக்கு. தின்னுட்டுப் போடா, என் ராஜா. போ."

பண்டிதருக்கு முதலில் அது என்னவென்று தெரியவில்லை. குனிந்து பார்த்தார். வாசனை ஏறியதும் துள்ளி எழுந்தார். "என்னம்மா இது? மீனா? மீனா இது?" பக்கத்துக் குடும்பம் பதறி எழுந்து இலையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தது. யாரோ இந்தியில் கத்தினார்கள். பண்டிதர் அந்த இலையை அப்படியே சுருட்டித் தள்ளி வைத்துவிட்டு, ஒரு செம்புத் தண்ணீரைக் கல்லின் மேல் ஊற்றினார், இன்னொரு செம்பு ஊற்றினார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். கொஞ்ச நேரத்தில் அவரே நிதானத்துக்கு வந்துவிட்டார். "தெரியாமப் பண்ணிட்டாங்க. போய் நாலு பேரும் குளிச்சிட்டு வாங்க. வேற சோறு வாங்கலாம். முதல்லேர்ந்து பண்ணித் தர்றேன். ஆனா இது கூடாதம்மா, இது கூடாது," என்றார்.

அம்மா அந்தச் சுருட்டிய இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாணாம்," என்றாள்.

"அம்மா, அவரு மறுபடி பண்ணித் தர்றேன்றாரு. குளிச்சிட்டு வந்துடலாம்மா."

"எதுக்கு? அவன் தின்னாத சோத்த எதுக்குப் போடணும்? எம் புள்ளைய எனக்குத் தெரியும். வெறுஞ்சோறு வெச்சா எழுந்து போயிருவான். இது யாருக்கோ போடுற சோறு. எம் புள்ளைக்கு இல்ல."

"அம்மா, நீதானே நாள் சொன்ன..."

"படகு கவுந்த நாளச் சொன்னேன். அவன் செத்த நாள நான் சொல்லல." கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "எம் புள்ள சாவல. வா, போலாம்."

நான் மன்றாடினேன். படித்த மாதிரியெல்லாம் பேசினேன்: சம்பிரதாயம் வேறு, பாசம் வேறு, சோறு ஓர் அடையாளம்தான், இங்கே எல்லோருக்கும் ஒரே மாதிரிதான். அவள் காதில் எதுவும் ஏறவில்லை. "உடுடா," என்றார் அப்பா. "அவ ஒரு வாட்டிதான் போன்னு சொல்லுவா. சொல்லிட்டா. திரும்ப வராது அது."

கடைசியாக அண்ணியிடம் திரும்பினேன். "அண்ணி, நாம மூணு பேருமா முடிச்சிடலாமா?"

"அத்த போடாம நான் எப்புடி தம்பி? ஊருக்குப் போயி யாருகிட்ட இன்னான்னு சொல்லுவேன்?" தர்ப்பை மாட்டிய என் கையைப் பார்த்தாள். "அத கயட்டுங்க. வெரலு வீங்கிக்கினு கீது."

இறங்கி வரும்போது மழை. வேனில் ஐந்தாவது இருக்கையில் மஞ்சள் பை. அம்மா இப்போது அதை மறைக்கவில்லை. வாசனைக்கு யார் திரும்பிப் பார்த்தாலும் நேராகப் பார்த்தாள். தேவப்பிரயாகையில் டீக்கு நிறுத்தினார்கள். இரண்டு ஆறு ஒன்றாகிக் கங்கை என்று பெயர் மாறும் இடம். அப்பா கைப்பிடிச் சுவரோரம் நின்று கீழே பார்த்தார்.

"இந்தத் தண்ணி எங்கடா போயி சேருது?"

"கடல்லப்பா."

"எந்தக் கடல்ல?"

"கல்கத்தா பக்கம். வங்காள விரிகுடா."

"நம்ம கடலா?"

"நம்ம கடல்தான்."

டீயை முடித்து கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அப்ப எதுக்குடா இவ்ளோ தூரம் ஏறுனோம்?" என்று கேட்டார். என்னைத் திட்டுவதற்காகக் கேட்கவில்லை. பதில் தெரிந்தவன் நான் என்று நம்பிக் கேட்டார்.

சென்ட்ரலில் இறங்கி, பூங்கா நிலையத்திலிருந்து மின்சார ரயில். தாம்பரம் வந்ததும் அண்ணி எழுந்தாள். அவளுடைய அம்மா வீட்டுக்குப் போக அங்கேதான் இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் கம்பியைப் பிடித்து நின்றாள். கூட்டம் இறங்கியது, கூட்டம் ஏறியது. அவளை இடித்துக்கொண்டே எல்லோரும் போனார்கள். ரயில் நகர்ந்ததும் திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"போவலியா அண்ணி?"

"முடிஞ்சிருந்தா போயிருப்பேன் தம்பி," என்றாள். பெருங்களத்தூரில் எங்களோடு இறங்கி, அம்மாவின் பையையும் அவளே தூக்கிக்கொண்டு நடந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா எல்லோரையும் கூப்பிட்டுக் கணக்குக்கு உட்காரவைத்தார். புண்ணியம் ஏதாவது இருந்தால் அவரவருக்குப் போய்ச் சேரட்டும் என்றார். நான் ரயில், வேன், அறை, சாப்பாடு என்று சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் கூட்டினார். பிறகு படகில் பிரிப்பதுபோலவே பிரித்தார், ஐந்தாக. நான் நான்கு என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து ஏற்கெனவே அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் பங்கு நான் போடுறேன்."

"நீங்க எதுக்கு அத்த?" என்றாள் அண்ணி. அன்றும் அவள் குரல் உயரவில்லை. "புருஷன் கீறாருன்னா அவரு பங்கப் பொண்டாட்டிதான கட்டணும். மாசா மாசம் சம்பளத்துல குடுத்துடறேன்."

அம்மாவின் கை சுருக்குப்பை வாயிலேயே நின்றது. வேண்டாம் என்று சொன்னால் என்ன சொன்னதாக ஆகும் என்று அவளுக்குத் தெரியும். எங்கள் எல்லோருக்கும் தெரியும். அப்பா தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தார். அம்மா பையின் கயிற்றை இழுத்துக் கட்டி மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

எல்லாம் சேர்த்து அறுபத்திரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். ஒரு பங்கு பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. அண்ணி கட்ட வேண்டியது இருபத்தைந்தாயிரம்.